ஒண்டாச்சியின் பரிசுப் பணமும் நம் காமன் கூத்தும்

கேகாலை, இரத்தினபுரிப் பக்கத்துத் தோட்டங்களில் கூத்து, நாடகம் என்று பேச்செடுத்தால் கடைசியில் ஒரு கேள்வியில் வந்து நிற்போம். "கொழும்பில் எத்தனையோ அறக்கட்டளை இருக்குதாமே, கோடிக்கணக்கில் வைத்திருக்கிறார்களாமே, நம்ம காமன் கூத்துக்கு ஒரு இலட்சம் கொடுத்தால் குறைந்தா போய்விடுவார்கள்?" நியாயமான கேள்விதான். ஆனால் விஷயமெல்லாம் அந்தக் 'குறைந்தா போய்விடுவார்கள்' என்ற இடத்தில்தான் இருக்கிறது. உண்மையில் குறைந்துதான் போவார்கள். எப்படியென்று தேத்தண்ணி ஆறுவதற்குள் பார்த்துவிடலாம். அவசரமில்லை, ஆறிப்போனால் இன்னொன்று ஊற்றிக்கொள்வோம்.

நம் பக்கத்து ஆள் ஒருவரிடமிருந்தே தொடங்குவோம். பெல்மதுளைக்குக் கிட்ட குட்டாப்பிட்டிய என்று ஒரு தேயிலைத் தோட்டம். சின்ன வயதில் அந்தத் தோட்டத்து பங்களாவில் ஓடித் திரிந்த பிள்ளைகளில் ஒருவர் மைக்கேல் ஒண்டாச்சி. கேகாலையிலும் அந்தக் குடும்பத்துக்கு 'ரொக் ஹில்' என்ற வீடும் காணியும் இருந்தன. 1943இல் பிறந்தவர், பையனாக இருக்கும்போதே இங்கிலாந்து போய், பிறகு கனடாவில் குடியேறி எழுத்தாளரானார். 'தி இங்கிலிஷ் பேஷன்ட்' நாவலுக்காக 1992இல் புக்கர் பரிசு கிடைத்தது. அந்த வருடம் பரிசு இருவருக்கு. மற்றவர் பாரி அன்ஸ்வர்த்.

பரிசுப் பணம் கையில் வந்தால் நாமென்ன செய்வோம்? நல்ல மனதுக்காரராக இருந்தால் ஊரில் கஷ்டப்படும் நாலு எழுத்தாளருக்குப் பகிர்ந்து கொடுப்போம். வாங்கியவர்கள் வாழ்த்துவார்கள், அத்தோடு சரி. ஒண்டாச்சி அந்தப் பணத்தைக் கொண்டு இலங்கையில் ஒரு நம்பிக்கைப் பொறுப்பை, அதாவது ட்ரஸ்டை, ஏற்படுத்தினார். தாயார் டொரிஸ் பிறந்த குடும்பத்தின் பெயரையே வைத்து அதைக் கிரேஷியன் ட்ரஸ்ட் என்றார். இலங்கையில் வாழ்ந்துகொண்டு ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களின் படைப்புக்கு ஆண்டுதோறும் பரிசு. அச்சான புத்தகம்தான் வேண்டுமென்றில்லை, கையெழுத்துப் பிரதியையும் அனுப்பலாம். முதல் வருடம் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் ஒருவர் கார்ல் முல்லர். முப்பது வருடம் கடந்தும் பரிசு நடக்கிறது. நிறுவனங்கள் அனுசரணையாகக் கைகொடுத்த ஆண்டுகளும் உண்டு. என்றாலும் ஒரே தடவை போட்ட விதைப் பணம் இத்தனை காலம் தாங்குகிறதே, அது எப்படி?

இங்கேதான் எல்லோருக்கும் வருகிற தவறான விளக்கம் குறுக்கே நிற்கிறது. அதில் கொஞ்ச நேரம் நிற்போம்.

பொதுக்காரியத்துக்குப் பணம் என்றதும் நம் மனதில் வருவது கோயில் திருவிழா. தோட்டத்தில் அது நடக்கும் விதம் நமக்குத் தெரியும். கமிட்டி கூடும். குடும்பத்துக்கு இவ்வளவு என்று பேசி முடிப்பார்கள். செக்ரோலில் பிடித்துத் தரச் சொல்லித் தோட்ட ஆபீசுக்குக் கடிதம் போகும். சம்பளத்தில் கழிந்து வந்த காசு பூசாரிக்கு, மேளத்துக்கு, பந்தலுக்கு, அன்னதானத்துக்கு என்று போய்விடும். திருவிழா முடிந்து கையில் பெரிய மிச்சம் இருந்தால் கமிட்டியைச் சந்தேகப்படுவோம். கடன் இருந்தால் கமிட்டி மேல் பாவப்படுவோம். ஏனென்றால் சேர்த்த பணம் செலவழிப்பதற்குத்தான்.

இதே கண்ணோடு அறக்கட்டளையைப் பார்க்கும்போது அது ஒரு பெரிய உண்டியலாகத் தெரிகிறது. கோடி ரூபாய் கிடக்கிறது, எடுத்துக் கொடுக்க மனமில்லை என்று நினைக்கிறோம். ஆனால் அறக்கட்டளையின் மூலப்பணம் பெரும்பாலும் செலவழிக்கக் கூடாத பணம். அதிலிருந்து வருகிற வருமானத்தை மட்டுமே எடுக்கலாம்.

எட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பக்கம் இறப்பர் மலையில் வேலை செய்தவர்களுக்கு இதை நீட்டி முழக்க வேண்டியதில்லை. விடிந்தும் விடியாமலும் மலைக்குப் போய், கத்தியால் பட்டையை ஒரு மில்லிமீற்றர் கனத்துக்குச் சாய்வாகச் சீவி விடுவார்கள். பால் கோட்டுவழியே வழிந்து சிரட்டையில் சொட்டும். ஒருநாள் வெட்டினால் மறுநாள் அந்த மரத்துக்கு ஓய்வு. கை தவறி ஆழமாக வெட்டினால் அன்றைக்குப் பால் கூடுதலாகத்தான் வரும். ஆனால் உள்ளே தோல் வளருகிற படையில் காயம்பட்டு, அந்த இடம் முண்டும் முடிச்சுமாகிவிடும். அப்புறம் கத்தி வைக்க இடமிருக்காது. அறக்கட்டளையின் மூலப்பணம் மரம், வருடாந்த வருமானம் பால். ஒரு இலட்சம் கேட்டு வருகிறவருக்கு இரக்கப்பட்டு மூலத்திலிருந்து எடுத்துக் கொடுக்கிற பொறுப்பாளர் ஆழமாக வெட்டுகிறார். அவருக்கு அன்றைக்கு நல்ல பெயர் கிடைக்கும்.

சரி, பால் எவ்வளவு வரும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு நிதியத்திடம் ஒரு கோடி ரூபாய் இருக்கிறது, வங்கியில் நிலையான வைப்பில் போட்டிருக்கிறார்கள், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்குப் பத்து இலட்சம். முழுவதையும் கொடுத்துவிடலாமா? விலைவாசி 5 சதவீதம் ஏறினால் அடுத்த வருடம் அதே ஒரு கோடிக்கு இந்த வருடத்து 95 இலட்சத்துச் சாமான்தான் கிடைக்கும். அந்தக் குறையை நிரப்ப ஐந்து இலட்சத்தை மூலத்தோடு திரும்பச் சேர்க்க வேண்டும். மிச்சம் ஐந்து. கணக்காய்வு, நடுவர்கள், அச்சு, மண்டபம் என்று ஒன்று போனால் நான்கு. ஆக, நாம் கோடீஸ்வரர் என்று நினைத்தவர் உண்மையில் வருடத்துக்கு நாலு இலட்சத்துக்காரர். அவர் வாசலில் நாற்பது பேர் நிற்கிறார்கள். நாம் கேட்ட ஒரு இலட்சம் அவர் வருட வருமானத்தில் கால்வாசி.

இது இலங்கைக்கு மட்டும் உள்ள கஞ்சத்தனமில்லை. அமெரிக்காவில் தனியார் அறக்கட்டளைகள் ஆண்டுக்குத் தங்கள் சொத்தில் ஏறத்தாழ 5 சதவீதத்தையாவது கொடுத்தே ஆகவேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அங்கே அந்த 5ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்கிறவர்கள் நிறையப் பேர்.

மோசமான காலங்களும் வரும். 2022ஐ நாம் மறக்க மாட்டோம். அந்தச் செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் காட்டிய பணவீக்கம் கிட்டத்தட்ட 70 சதவீதத்தைத் தொட்டது. வங்கி வட்டி 20க்கு மேல் போயும் ஈடுகொடுக்கவில்லை. ரூபாயில் வைப்பு வைத்திருந்த எந்த நிதியத்தின் புத்தகத்திலும் ஒரு கோடி ஒரு கோடியாகவே இருந்தது. கடைக்குப் போனால் முந்திய வருடத்து 59 இலட்சத்துக்குத்தான் கிட்டத்தட்டச் சரி. ஒரு சதம்கூடச் செலவழிக்காமலே நாற்பது இலட்சம் போன மாதிரி. மாவும் மண்ணெண்ணெயும் தேடி நாம் வரிசையில் நின்ற அதே மாதங்களில் இதுவும் சத்தமில்லாமல் நடந்தது. அந்த வருடம் ஒரு நிதியம் 'இம்முறை உதவி இல்லை' என்று எழுதியிருந்தால் அதை முகத்தில் அடித்த கதவாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இனி அடுத்த படி. பணம் இவ்வளவுதான் என்று விளங்கிவிட்டது. அதை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்வது யார்? பொறுப்பாளர்கள் என்போம். அவர்களுக்கும் கை கட்டித்தான் இருக்கிறது. அவர்கள் சொந்தக்காரர்கள் இல்லை. பணத்தைக் கொடுத்தவர் எந்தக் காரியத்துக்கென்று எழுதி வைத்தாரோ அதற்குக் காவல். இலங்கையில் இதற்கான அடிப்படைச் சட்டம் 1917ஆம் ஆண்டு நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டம். தரும நோக்கம் என்றால் எவையெவை என்று அது நாலு வகை சொல்கிறது: வறுமை நீக்கம், கல்வியும் அறிவும் வளர்ப்பது, சமயம், மனிதகுலத்துக்கு நன்மை தரும் வேறு நோக்கங்கள். கலை என்று தனியாக ஒரு வகை இல்லை. அறிவு என்ற கதவாலோ 'வேறு நோக்கங்கள்' என்ற பின்கதவாலோதான் கலை உள்ளே வருகிறது. விண்ணப்பப் படிவங்களில் 'இதனால் சமூகத்துக்கு என்ன பயன்' என்று திரும்பத் திரும்பக் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். கூத்து நன்றாக இருக்கும் என்று எழுதினால் அந்தக் கட்டத்துக்குப் பதில் ஆகாது.

கிரேஷியன் பரிசையே பாருங்கள். நோக்கம் ஆங்கில எழுத்து என்று இருக்கிறது. இறக்குவானையிலோ பலாங்கொடையிலோ இருந்து ஒருவர் தமிழில் எவ்வளவு நல்ல நாவல் எழுதினாலும் அதற்கு அனுப்ப முடியாது. நடுவருக்குப் பிடித்தாலும் கொடுக்க முடியாது. ஆனால் அதே ட்ரஸ்ட் மொழிபெயர்ப்புக்கென்று இன்னொரு பரிசையும் வைத்தது. பேராதனைப் பல்கலைக்கழக நூலகத்தில் இருந்த நூற்பட்டியலாளர் எச். ஏ. ஐ. குணதிலக்கவின் பெயரில் உள்ள அந்தப் பரிசு, சிங்களத்திலோ தமிழிலோ உள்ள நூலை ஆங்கிலத்தில் கொண்டுவருகிறவருக்கு. அந்த வழியாக ஒரு தோட்டத்துத் தமிழ் நாவலும் உள்ளே போகலாம், மொழிபெயர்ப்பாளரின் தோளில் ஏறிக்கொண்டு.

இதில் எனக்கொரு மனக்குறை உண்டு, சொல்லிவிடுகிறேன். நிதியம் நம்மை ஒதுக்குகிறது என்று கோபப்படுவது பெரும்பாலும் ஆளைத் தவறவிட்ட கோபம். பொறுப்பாளர் எழுதியபடி நடக்கிறார். ஆனால் அந்த எழுத்தை எழுதியவர்கள் யார், எந்த வீட்டு முன்கூடத்தில் உட்கார்ந்து எழுதினார்கள்? பெரும்பாலும் கொழும்பு 7. அவர்களுக்குக் கலை என்று தெரிந்தவை ஓவியம், ஆங்கிலப் புத்தகம், மேடை நாடகம். லயத்து முற்றத்தில் விடியவிடிய நடக்கும் கூத்து அவர்கள் கண்ணில் பட்டிருக்காது. எழுதியவர் போய்ச் சேர்ந்த பிறகும் அவர் பார்த்தது பார்க்காதது எல்லாம் உறுதியில் இருந்துகொண்டு பேசுகிறது.

கொழும்பு 7 என்றதால் அங்கே இயங்கும் இரண்டு அமைப்புகளைப் பார்த்துவிட்டு வருவோம். எல்லா அறக்கட்டளையும் காசாகக் கொடுப்பதில்லை. லயனல் வென்ட் பியானோ வாசித்தார், அருமையான புகைப்படங்கள் எடுத்தார். ஓவியர்களின் '43 குழு'வுக்கு முதுகெலும்பாக இருந்தார். 1944இல் காலமானார். அவர் நினைவாக ஏற்பட்ட நிதியம் அவருடைய வீடு இருந்த காணியில் ஒரு கலையரங்கத்தைக் கட்டியது. 1953இல் திறந்த அந்த அரங்கில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் நாடகம் போட்டாயிற்று. இங்கே நிதியம் நாடகக்காரனுக்குக் கொடுப்பது நல்ல மேடை, நல்ல வெளிச்சம். அரங்க வாடகையே கட்டடத்தைக் காப்பாற்ற உதவும்.

இன்னொன்று ஓவியர் ஜோர்ஜ் கீற் பெயரிலான மன்றம், 1988இல் தொடங்கியது. 1993 முதல் ஆனந்த குமாரசுவாமி மாவத்தையில் 'கலா பொல' என்ற ஓவியச் சந்தையை நடத்துகிறது. நாட்டின் பல பகுதிகளிலிருந்து வரும் ஓவியர்கள் தெருவோரம் படங்களைச் சாத்திவைத்துத் தாங்களே விற்பார்கள். 1994இலிருந்து ஜோன் கீல்ஸ் குழுமம் அனுசரணை. இதில் ஓடுகிற பணம் வேறு விதம். மன்றம் ஏற்பாட்டையும் பெயரையும் தருகிறது, கம்பனி அந்தந்த வருடத்துச் செலவைத் தருகிறது. கம்பனிப் பணம் தாராளமாக வரும், ஆனால் அடுத்த வருடமும் வருமென்று உறுதி இல்லை. இலாபம் குறைந்தால் முதலில் வெட்டுப்படுவது இதுதான். முப்பது வருடம் ஒரே கம்பனி விடாமல் செய்வது அபூர்வம், அதைப் பாராட்டத்தான் வேண்டும்.

தூரத்துப் பெரிய அறக்கட்டளைகள் இன்னொரு வழி பார்க்கின்றன. நியூயோர்க்கில் இருக்கிற ஃபோர்ட் அறக்கட்டளைக்கு ஒரு கிராமத்துத் தப்படிப்பவரைத் தெரியாது. அவருக்கு நாற்பதாயிரம் ரூபாய் அனுப்பிக் கணக்குக் கேட்க அதற்கு ஆகும் செலவு அந்த நாற்பதாயிரத்தைவிடக் கூட. ஆகவே நடுவில் ஒரு அமைப்பிடம் மொத்தமாகக் கொடுக்கும், அது சின்னச் சின்னதாகப் பிரித்துக் கொடுக்கும். பெங்களூரில் 1993இல் தொடங்கிய இந்தியக் கலைகளுக்கான அறக்கட்டளை இப்படி 1995 முதல் கலைஞர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் நல்கை கொடுத்துவருகிறது. சென்னையில் 1997இல் தொடங்கிய தேசிய நாட்டுப்புறவியல் உதவி மையத்துக்கும் ஃபோர்ட் கைகொடுத்தது. நம் தோட்டங்களுக்கும் கூத்துக் காசு வெளியிலிருந்து வருமென்றால் பெரும்பாலும் இப்படி ஒரு இடைக்கை வழியாகத்தான் வரும். அந்த இடைக்கைக்குப் பதிவு வேண்டும், வங்கிக் கணக்கு வேண்டும், கணக்கு எழுதத் தெரிந்த ஆள் வேண்டும். கூத்துக் குழுவுக்கு இந்த மூன்றும் இருப்பது அரிது. திறமை இருந்தும் நாம் வெளியே நிற்பது பல நேரம் இந்த இடத்தில்தான்.

இப்போது காமன் கூத்துக்கு வருவோம். மாசி மாதத்து அமாவாசை கழிந்து காமன் கம்பம் ஊன்றியதிலிருந்து நாட்கணக்காக நடக்கிறது. இரதியும் மன்மதனும் நேர்ந்துகொண்ட ஆண்பிள்ளைகள். தப்புக்காரர்கள் காய்ந்த சருகையும் கடதாசியையும் கொளுத்தித் தப்பின் முகத்தை அனலில் காட்டுவார்கள், விரலால் தட்டிக் கேட்பார்கள், திருப்பித் திருப்பிக் காட்டுவார்கள். பனியில் தொய்ந்த தோல் இறுகி 'கிண்' என்று வரும்வரை ஆட்டம் தொடங்காது. இதில் எதற்கு ஒரு நிதியம் பணம் கொடுக்கும்?

நேர்த்திக்குக் கொடுக்காது, கொடுக்கவும் கூடாது. விரதம் இருப்பதற்குக் கொடுப்பனவு என்று ஒன்று வந்துவிட்டால் அடுத்த வருடம் யார் இரதி என்பதில் சண்டை வரும். சாப்பாட்டுச் செலவுக்கும் பெரும்பாலும் கொடுக்காது. ஆனால் கிழிந்த தப்புக்குத் தோல் மாற்ற, உடுப்பும் கிரீடமும் புதுப்பிக்க, பாட்டுத் தெரிந்த கடைசி வாத்தியாரிடம் இளம்பிள்ளைகள் ஆறு மாதம் பழக, முழுக் கூத்தையும் பதிவுசெய்து வைக்க என்று கேட்டால் கேட்கக் காது உண்டு. சி. வி. வேலுப்பிள்ளை தோட்டத்துப் பாடல்களைத் திரட்டினாரே, அந்த மாதிரித் திரட்டலும் இந்த வகையில் சேரும். காரணம் எளிது. ஒருமுறை கொடுத்தால் முடிகிற வேலை, கணக்குக் காட்டக்கூடிய வேலை, 'அறிவு வளர்ப்பது' என்ற சட்டத்துக் கதவுக்குள் நுழையக்கூடிய வேலை. 'நாங்கள் ஏழைகள், உதவுங்கள்' என்று எழுதிய கடிதம் மனதைத் தொடும். 'நான்கு தப்பு, பன்னிரண்டு பிள்ளைகள், ஆறு மாதம், இவ்வளவு ரூபாய்' என்று எழுதிய கடிதத்துக்குத்தான் பதில் வரும்.

அப்படியானால் வருடாந்தக் கூத்துச் செலவுக்கு என்ன வழி? இன்று இருப்பதுபோலத் தோட்டத்தார் கைக்காசுதான். ஆனால் அந்தக் கைக்காசில் கொஞ்சத்தை உண்டியலாக விடாமல் மரமாக நடலாமே என்று எனக்கு ஒரு ஆசை. இருநூறு குடும்பம், மாதம் நூறு ரூபாய். வருடத்துக்கு இரண்டு இலட்சத்து நாற்பதாயிரம். ஐந்து வருடம் தொடாமல் இருந்தால் வட்டியை விட்டுவிட்டுப் பார்த்தாலும் பன்னிரண்டு இலட்சம். 8 சதவீதம் வட்டி என்றால் வருடத்துக்குத் தொண்ணூற்றாறாயிரம். பாதியை மூலத்தோடு சேர்த்துவிட்டால் கையில் நாற்பத்தெட்டாயிரம். திருவிழாவுக்குப் போதாது. தப்புக்கும் உடுப்புக்கும் வாத்தியாருக்கும் போதும், வருடா வருடம்.

காணி எதுவும் சேர்ந்திருந்தால் நொத்தாரிசு முன்னிலையில் உறுதி எழுத வேண்டும். வெறும் பணமென்றாலும் எழுத்தில் இருப்பது நல்லது. கையெழுத்துப் போடுகிற மூவரில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும், ஒருவர் எந்தச் சங்கத்துத் தலைவராகவும் இல்லாதவராக இருக்கட்டும். ஐந்தாம் வருடத்துக்கு முன்னால் யார் வீட்டில் என்ன நல்லது கெட்டது வந்தாலும் இதிலிருந்து கடன் கேட்பதில்லை என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதிவிடுங்கள். கேட்பார்கள். இரதிக்கு ஆள் கிடைக்காத வருடம் வந்தால் அந்த வருடத்து வட்டி எங்கே போகும் என்பதையும் அதற்கடுத்த வரியில் எழுதுங்கள்.